உப்புத் தராசில் எட்டு வாரம்

என் மகள் இரண்டரை வயதில் என்னிடம் "தூக்கு" என்று கேட்டதில்லை. "அம்மா, உக்காரு" என்பாள். நான் தரையில் உட்கார்ந்தால்தான் என் மடி அவளுக்கு எட்டும் என்பதை அவள் அறிந்திருந்தாள். பிற பிள்ளைகள் கைகளை மேலே உயர்த்துகிற வயதில் என் பிள்ளை என் புடவைத் தலைப்பைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டிருந்தாள்.

காரணம் என் வயிற்றில் இருந்தது. அவளைப் பெற்ற ஓராண்டுக்குள் என் தொப்புளுக்கு மேலே எலுமிச்சை அளவில் ஒரு புடைப்பு தோன்றியது. படுத்தால் மறையும், இருமினால் எட்டிப் பார்க்கும். இராயபுரத்தில் கல்மண்டபத்துக்கு அருகே நாங்கள் குடியிருந்த வீட்டிலிருந்து வண்டி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்த பெண் மருத்துவர் என்னைப் படுக்கவைத்து அழுத்திப் பார்த்தார். பிறகு எடை பார்க்கும் கருவியின் மேல் நிற்கச் சொன்னார். முள் நூற்றெண்பது ராத்தலில், இன்றைய கணக்கில் எண்பத்திரண்டு கிலோவில், நின்றது.

"இது குடல் எறக்கம்மா. தெச்சு மூடணும். ஆனா இத்தனை கொழுப்புல தையல் நிக்காது, மயக்க மருந்தும் உனக்கு ஆபத்து. இருபத்தஞ்சு ராத்தல் கொறைச்சுட்டு வா. அப்பறம் கத்தியத் தொடறேன்."

"அதுவரைக்கும்?"

"தண்ணிக்குடம் தூக்காதே. குழந்தையத் தூக்கவே தூக்காதே. குடல் சிக்கிக்கிச்சுன்னா உன்னைத் தூக்கிட்டு வரவேண்டியிருக்கும்."

அவர் கடுமையானவர் அல்லர். வயிற்றை அகலத் துணியால் சுற்றிக்கட்டும் விதத்தைத் தம் கைகளாலேயே கற்றுக்கொடுத்தார். புடைப்பு உள்ளே போகாவிட்டால் முழங்காலை மடக்கிப் படுத்து மூச்சை மெல்ல விடவேண்டும் என்றார். சோற்றை ஒருவேளையாக்கு, நெய்யை நிறுத்து, சமதரையில் தினமும் நட என்று சொல்லி அனுப்பினார். அது புரட்டாசி மாதம்.

ரேஷன் இன்னும் நடைமுறையில் இருந்த காலம் அது. அரிசியோடு கோதுமையையும் கொடுப்பார்கள். தெருவில் எல்லோரும் முகம் சுளித்துக்கொண்டே வாங்கிப்போகும் அந்தக் கோதுமை எனக்கு இரவு உணவாயிற்று. உடைத்துக் கஞ்சியாக்கி, மோர் விட்டுக் குடித்தேன். துறைமுகத்தில் சரக்குகளுக்குச் சீட்டு எழுதும் வேலையிலிருந்த என் கணவர் முதல் வாரம் எனக்குத் துணையாகத் தாமும் கஞ்சி குடித்தார். இரண்டாம் வாரம் என் முகத்தைப் பாராமல் சோறு கேட்டார். அதற்காக நான் அவரிடம் வருந்தவில்லை.

நடைக்குத் துணை வேறொருவர் வாய்த்தார். எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் பெண்மணி ஒருவர் இருந்தார். கடலுக்குப் போகும் குடும்பம். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். அவரை நான் அக்கா என்றே அழைப்பேன். மணத்துக்கு முன் இரண்டாண்டு பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்த குற்றத்துக்காக அவர் என்னை டீச்சரம்மா என்பார். நாள்தோறும் காலையில் கருவாட்டுக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு டோல்கேட் சந்தை வரைக்கும் நடப்பது அவர் வழக்கம். என் கதையைக் கேட்டதும், "என்னோட வா. கூடைய நான் சொமக்கிறேன், நீ உன்னியச் சொம" என்றார். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அவரோடு நடக்கத் தொடங்கினேன்.

சனிக்கிழமைகளில் அவர் டோல்கேட்டைக் கடந்து கால்வாய்க்கரைக்குப் போவார். அங்கே ஓர் உப்புக் கிடங்கு இருந்தது. எண்ணூர்ப் பக்கத்து உப்பளங்களிலிருந்து படகுகளில் உப்பு வந்து இறங்கும். கருவாட்டுக்கு வேண்டிய உப்பை அவர் அங்கே வாங்குவார். கிடங்கின் வாயிலில் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு ஒன்று நின்றது. தரையோடு தரையாக ஓர் இரும்புப் பலகை, அதன் ஒரு முனையில் தூண், தூணின் மேல் குண்டு நகரும் தண்டு. அதைக் காக்கும் எடைக்காரர் முப்பதாண்டுகளாக அந்தத் தூணுக்குப் பின்னாலேயே நின்றவர். உப்புக்காற்றில் அவருடைய புருவங்கள்கூட வெளுத்திருந்தன.

ஐப்பசி முதல் சனிக்கிழமை, தூறலில் நனைந்தபடி அங்கே போய்ச் சேர்ந்தோம். அக்கா கூடையை இறக்கினார்.

"நைனா, டீச்சரம்மாவக் கொஞ்சம் நிறுத்துச் சொல்லு."

"இன்னாமே, ஆளயெல்லாமா நிறுக்கறது? இது உப்பு கெடங்கா, ஆஸ்பத்திரியா?"

"நிறுத்தா உன் தராசு தேஞ்சா பூடும்? ஏறும்மா நீ."

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். தூணுக்கு முதுகைக் காட்டித்தான் அதில் நிற்க முடியும். பின்னால் குண்டு நகரும் ஓசை கேட்டது. கிடங்கில் மூட்டைக்கு அறிவிப்பதைப் போலவே அவர் உரத்த குரலில் சொன்னார்: "நூத்தி அறுவத்தெட்டு!"

ஒரே மாதத்தில் பன்னிரண்டு ராத்தல். தெருவென்றும் பாராமல் நான் சிரித்துவிட்டேன். மருத்துவர் கேட்டதில் பாதியை அநேகமாக முடித்தாயிற்று. அன்று வீட்டுக்கு வந்து, மகளுக்கு எதிரே உட்கார்ந்து, "இன்னும் கொஞ்ச நாள்தான்" என்றேன். அவள் மடியில் ஏறிக்கொண்டு என் வளையலைக் கடித்தாள்.

அதன் பிறகு சனிக்கிழமை எனக்குப் பண்டிகையாயிற்று. மழை விடாது பெய்த வாரங்களிலும் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கார்த்திகையில் நூற்றறுபத்தைந்து, மார்கழியில் நூற்றறுபத்திரண்டு. தையின் முதல் சனிக்கிழமை நூற்றறுபத்தொன்று. நூற்றைம்பத்தைந்துக்கு வந்துவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். ஆறே ராத்தல் மிச்சம். அந்தப் பொங்கலுக்குச் சர்க்கரைப்பொங்கலைக் கிண்டி எல்லோருக்கும் பரிமாறினேன். நான் விரலைக்கூட நக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் நூற்றறுபத்தொன்று. அதற்கடுத்ததும் அதுவே. ஒருமுறை நூற்றறுபது என்றார், துள்ளினேன். மறுவாரம் நூற்றறுபத்திரண்டு என்றார்.

நான் எண்ணையும் எழுத்தையும் நம்பி வளர்ந்தவள். ஆகவே குற்றத்தை என் தட்டில் தேடினேன். மூன்றாம் வாரம் பருப்பைக் குறைத்தேன். நான்காம் வாரம் மத்தியானச் சோற்றில் பாதியைக் குழந்தைக்கு ஊட்டிவிட்டேன். நடையை டோல்கேட்டுக்கு அப்பாலும் நீட்டினேன். ஐந்தாம் வாரம், நூற்றறுபத்தொன்று. எடைக்காரருக்கே என்னைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது போலும். எண்ணைத் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, அடுத்த மூட்டையைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரிக்கே போய் எடை பார்த்து வரலாமே என்று என் கணவர் சொன்னார். குறைத்துக்கொண்டு வா என்றவர் முன்னால் குறையாமல் போய் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அக்கா எண்ணைப் பொருட்படுத்தியதேயில்லை. "தபாரு, உன் வளையலு முயங்கை வரிக்கும் ஓடுது. போன மாசம் மணிக்கட்டுல நின்னுகினு கெடந்துது" என்பார். வயிற்றுத் துணியை நான் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தேன். இப்போது நான்கு சுற்றி, முனையையும் செருக முடிந்தது. இவையெல்லாம் என் கண்ணில் படாமல் இல்லை. ஆனால் தராசு மறுத்த ஒன்றைத் துணியும் வளையலும் சொல்வதை ஏற்க என் படிப்பு இடம் கொடுக்கவில்லை.

ஆறாம் வாரம் நான் உடைந்தேன். சனிக்கிழமை அதே எண்ணைக் கேட்டுவிட்டு வீடு திரும்பினேன். சமையலறையில் முதல் நாள் குழம்பு சட்டியோடு இருந்தது. நின்றுகொண்டே பானையிலிருந்து சோற்றை அள்ளிப்போட்டுப் பிசைந்து தின்றேன். பசி இல்லை, அது கோபம். தின்று முடித்துக் கை கழுவும்போது துறைமுகத்தில் கப்பலொன்று ஊதியது. மகள் ஓடிவந்து, "அம்மா, கப்பலு!" என்று உயரத்தில் இருந்த சன்னலைக் காட்டினாள். அந்தச் சன்னலிலிருந்து பார்த்தால் கூரைகளுக்கு மேலே பாய்மரக்கம்புகளும் புகைக்குழாயும் தெரியும். அவள் தந்தை தூக்கிக் காட்டுவார். நான் காட்டியதில்லை.

எண்தான் நகரவில்லையே, ஒழுங்கு மட்டும் எதற்கு என்று எண்ணினேனா, அல்லது ஒன்றுமே எண்ணவில்லையா, இன்றும் தெரியவில்லை. குனிந்து அவளை வாரி எடுத்தேன். அவள் கப்பலைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தாள். இரண்டு மூச்சு நேரம் இருக்கும். பிறகு வயிற்றுக்குள் யாரோ கயிற்றைப் பிடித்து முறுக்கியதுபோல வலித்தது. அவளை இறக்கிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். துணிக்கு அடியில் அந்தப் புடைப்பு கல்லாகியிருந்தது.

படுத்து முழங்காலை மடக்கிக்கொண்டேன். மூச்சை மெல்ல விட்டேன். போகவில்லை. கூப்பிட்டால் பக்கத்து வீட்டார் வருவார்கள். ஆனால் குரல் கொடுக்கவும் அச்சமாக இருந்தது. மகள் என் தலைமாட்டில் உட்கார்ந்து, தன்னைத் தூங்கவைக்க நான் தட்டுவதைப் போல என் தோளைத் தட்டினாள். வாசல் வெயில் ஒரு முழம் நகர்ந்திருக்கும். அப்போதுதான் அது இளகி உள்ளே வழுக்கிப்போயிற்று. வெகுநேரம் எழாமல் கிடந்தேன். அவளை அநாதையாக்கப் பார்த்தேன் என்ற எண்ணம் வலியைவிடக் கொடியதாக இருந்தது.

ஞாயிறு நடக்கவில்லை. திங்கள் காலையும் கதவைத் திறக்கவில்லை. தெருவிலிருந்து குரல் வந்தது.

"டீச்சரம்மா! இன்னா, தூங்கிகினு கீறியா? நா இங்க நின்னுகினே கீறேன், காக்கா வந்து கூடையில குந்துது!"

கதவைத் திறந்து நடந்ததைச் சொன்னேன். சோறு தின்றதையும் சொன்னேன். எடை நகராததையும், இனி நடந்து பயனில்லை என்பதையும் சொன்னேன். அவர் கூடையை இறக்காமலே கேட்டார். கழுத்து அசையவில்லை, கண்கள் மட்டும் என்னைவிட்டுக் குழந்தைக்கும், குழந்தையைவிட்டு எனக்கும் போய்வந்தன.

"வலி இப்ப கீதா?"

"இல்லை."

"அப்ப துணியச் சுத்து, வா."

"எதற்கு அக்கா? இளைக்கவில்லையே."

"நீ எளைச்சா இன்னா, எளைக்காங்காட்டி எனக்கு இன்னா? அஞ்சு மாசமா உன்னோட பேசிகினு நடந்து பயகிட்டேன். நேத்து ஒண்டியா போனேன், ரோடு முடியவே மாட்டேங்குது. பேஜாராப் பூட்ச்சு. எனக்குப் பேச்சுத்தொணைக்கு வா. எடைய அந்தக் கெயவன் பாத்துக்குவான்."

இதற்கு நான் அழுதிருக்கவேண்டும். சிரித்தேன். இரண்டு நாள் முடியட்டும் என்று கெஞ்சினேன், புதனன்று புறப்பட்டேன். எடைக்காக அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒருவருடைய வழியைக் குறுக்குவதற்காக நடக்கிறோம் என்பது கால்களுக்கு எவ்வளவோ எளிதாக இருந்தது. அக்கா தம் வீட்டுக் கதையையெல்லாம் சொல்வார். நான் பத்திரிகையில் படித்த தொடர்கதையைச் சொல்வேன். அதன் நாயகியை அவருக்குப் பிடிக்காது. "அய்துகினே கீறா, ஒரு வேல செய்ய மாட்டேங்கறா" என்று திட்டிக்கொண்டே டோல்கேட் வந்துவிடும். இரவில் மறுபடி கோதுமைக் கஞ்சி குடித்தேன். ஏழாம் வாரம் தராசில் நூற்றறுபத்தொன்று என்று கேட்டபோது, கதையை எங்கே விட்டோம் என்று அக்காவிடம் கேட்டேன்.

எட்டாம் வாரம், மாசி முடியும் தறுவாயில், அது நடந்தது. வழக்கம்போல் நான் எடை பார்த்து இறங்கினேன்: நூற்றறுபத்தொன்று. பிறகு அக்காவின் உப்பு மூட்டை தராசில் ஏறியது. எடைக்காரர் எண்ணைச் சொன்னதும் அக்கா இடுப்பில் கை வைத்தார்.

"இன்னா நைனா, எத்தினி தள்ளுனே?"

"ஒண்ணும் தள்ளல."

"தள்ளலியா? மழ நாள்ள மூட்டைக்கி எட்டு ராத்தலு ஈரத்துக்குத் தள்ளிக் குடுத்தே. இப்ப ஒண்ணுகூடவா இல்ல?"

"மழ பூட்டு ரெண்டு மாசம் ஆவுது. உப்பு காஞ்சி மணலாட்டம் கீது. பொங்கலுக்கு அப்பால வாரத்துக்கு ஒரு ராத்தலா கொறச்சிகினே வர்றேனே, தெரியாதா உனக்கு? எட்டு, ஏயி, ஆறு, அஞ்சு... இந்த வாரத்தோட தீந்துது. ஈரம் இல்லாத உப்புக்கு இன்னாத்தத் தள்றது?"

இந்த வழக்கத்தைப் பற்றி நான் அறிந்ததில்லை. மழைக்காலத்தில் உப்பு காற்றின் ஈரத்தைக் குடித்துக் கனக்கும். அந்தத் தண்ணீரை வாங்குபவர் தலையில் கட்டக்கூடாது என்பதற்காக, எடைக்காரர் மனத்துக்குள்ளேயே அதைத் தள்ளிவிட்டு நின்றதை மட்டும் உரக்கச் சொல்வார். முப்பதாண்டாக மழைநாளில் அந்தத் தராசடியில் தள்ளாத எண் எதையும் அவர் வாய் சொல்லிப் பழகியதில்லை.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு மிக மெதுவாகக் கேட்டார்: "நைனா... டீச்சரம்மாவுக்கும் தள்ளுனியா?"

"ஆமா. அதும் மூட்ட எடதான கீது."

"அடப்பாவி! அது இன்னா உப்பா? மழையில கரையுமா?"

எடைக்காரரின் கை தண்டின் மேலேயே நின்றது. உதடு மட்டும் அசைந்தது. எதையோ எண்ணிப்பார்க்கிறார் என்று தெரிந்தது. "கைப்பயக்கம், தாயி" என்றார் என்னிடம். "ஏறினா தள்ளிடறது. ஆளுன்னு தோணவேயில்ல. தப்பு பண்ட்டேன்."

நான் அங்கிருந்த வெற்று மூட்டைகளின் மேல் உட்கார்ந்துவிட்டேன். கணக்கு சிறிது, ஆனால் என் மனம் அதை இரண்டுமுறை போட்டுப் பார்த்தது. தையின் முதல் சனியன்று என் உண்மை எடை நூற்றறுபத்தொன்று அல்ல. அதோடு எட்டு, நூற்றறுபத்தொன்பது. இன்று ஒன்றும் தள்ளாமல் நூற்றறுபத்தொன்று. நகராமல் நின்ற எட்டு வாரங்களிலும் நான் வாரத்துக்கு ஒரு ராத்தலாகக் குறைந்துகொண்டே வந்திருக்கிறேன். அவர் தள்ளுவதைக் குறைக்கக் குறைக்க நானும் குறைந்ததால் எண் மட்டும் அசையாமல் நின்றிருக்கிறது. ஐப்பசியில் தெருவில் நின்று சிரித்தேனே, அந்தப் பன்னிரண்டு ராத்தலில் எட்டு மழையினுடையது. மகிழ்ந்த நாளில் மகிழ்ச்சிக்கு அவ்வளவு காரணமில்லை. அழுத நாளில் அழுகைக்கும் காரணமில்லை.

மிச்சம் அன்றைக்கும் அதே ஆறு ராத்தல்தான். ஆயினும் அந்த ஆறைப் பார்த்து நான் பயப்படவில்லை. என்னால் முடிகிறது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

"இனிமே தள்ளாமச் சொல்றேன் தாயி" என்றார் எடைக்காரர்.

"சொல்லலேன்னா தராசோட உன்னியும் கால்வாயில தள்ளிடுவேன்" என்றார் அக்கா.

வைகாசியில் ஆஸ்பத்திரிக் கருவியின் மேல் நின்றேன். நூற்றைம்பத்துநான்கு. மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "சொல்லி அனுப்பறவங்கள்ல பத்துல ஒருத்திதான் திரும்பி வரா" என்றார். ஆனியில் அறுவை நடந்தது. அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டிலருகே நின்று, நான் விட்ட தொடர்கதைக்குத் தாமே ஒரு முடிவு கட்டிச் சொல்லிவிட்டுப் போனார். அவர் கதையில் நாயகி அழுகையை விட்டு மீன் விற்கப் போய்விட்டாள்.

நான்கு மாதம் எதையும் தூக்கக்கூடாது என்றார்கள். ஐப்பசியில் கடைசியாகப் போனபோது மருத்துவர் தையலைத் தடவிப் பார்த்தார். "இனிமே தூக்கலாம். முப்பது ராத்தலுக்குள்ள இருக்கட்டும்."

வாசலில் தந்தையின் கையைப் பிடித்து நின்ற மகளைப் பார்த்தேன். அவளுக்கு இப்போது மூன்றரை வயது. நான் இறங்கிக்கொண்டிருந்த அந்த ஓராண்டில் அவள் ஏறிக்கொண்டிருந்தாள். முப்பதுக்குள் இருப்பாளா? கண்ணால் பார்த்துச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. ஒருமுறை துணிந்து பட்டது போதும்.

சனிக்கிழமை அவளை பஸ்ஸில் டோல்கேட்டுக்கு அழைத்துச்சென்றேன். அக்கா சந்தையிலிருந்து எங்களோடு சேர்ந்துகொண்டார். மழை பிடித்திருந்தது, கிடங்குக் கூரையிலிருந்து நீர் சொட்டியது, உள்ளே உப்பு வியர்த்துக்கிடந்தது. குழந்தை இரும்புப் பலகையின் மேல் ஏறி, கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து நின்றாள்.

குண்டு நகர்ந்தது. எடைக்காரர் சொல்ல வாயெடுத்தார், நிறுத்தினார். மறுபடி தண்டைக் கூர்ந்து பார்த்தார்.

"இருவத்தொம்போது."

"நைனா" என்றேன். அவரை நான் அப்படி அழைத்தது அதுவே முதல் முறை. "ஈரத்துக்குத் தள்ளினீர்களா?"

"தள்ளல தாயி. சத்தியமா தள்ளல."

"மழ நாளு. கைப்பயக்கம்னு சொல்லிடப் போறே" என்றார் அக்கா.

"உனக்குக் கண்ணு கீதுல்ல? வந்து பாருமே!"

அக்கா தூணுக்குப் பின்னால் போனார். தண்டில் வெட்டியிருந்த கோடுகளை விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். நடுவில் விட்டுப்போக, முதலிலிருந்து மறுபடி எண்ணினார். மழை கூரையில் அடித்தது. நாங்கள் மூவரும் காத்திருந்தோம்.

"இருவத்தொம்போதுதான்" என்றார்.

பலகையின் மேலிருந்து மகள் என்னை அண்ணாந்து பார்த்தாள். காலெல்லாம் ஈர உப்பு ஒட்டியிருந்தது. நின்று நின்று அலுத்திருக்கவேண்டும். வழக்கம்போல் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"அம்மா, உக்காரு."

நான் உட்காரவில்லை.